சந்தனம் அடைத்த வாய்

பாட்டு வரவில்லை.

ஒரு ஊரில் ஒரு கல்யாண மண்டபம். அருப்புக்கோட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்து முதல் முகூர்த்தம், சாயங்கால வரவேற்பு. மேடையில் மாப்பிள்ளை தனியாக நிற்கிறான். பெண் வாசலில் நிற்கிறாள். பாட்டு எழும்பினால் அவள் நடந்து வர வேண்டும். எழும்பவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

பாட்டுப் போட வேண்டியவள் பெண்ணின் தங்கை தங்கமாரி. விசேஷ வீடுகளுக்கு டிஜே போடுகிறவள். மற்றவர்கள் வேன் நிறையச் சாமான் ஏற்றிப் போவார்கள். இவளுக்கு ஒரு தோள்பை போதும். அதற்குள் சிலேட்டு மாதிரி ஒரு டேப், ஒரு சவுண்ட் கார்டு, ஒரு ஹப். ஸ்பீக்கர் மட்டும் மண்டபத்தினுடையது.

தாய்மாமன் குருவையாவுக்கு இது பிடிக்கவில்லை. "எம் மருமக நடந்து வரும்போது பேண்டு செட்டு முழங்கணும். சிலேட்டத் தடவிக்கிட்டு நிக்கிற பிள்ளைய நம்பி எறங்க முடியுமா?" என்றார். தங்கமாரி மல்லுக்கட்டி ஜெயித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டு சொதப்பினால் இனி எந்த விசேஷத்துக்கும் போகக் கூடாது. பை பரணுக்குப் போய்விட வேண்டும். சரி என்று தலையாட்டியிருந்தாள்.

இப்போது மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மேசைமேல் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அது மனிதர் காதுக்கு எட்டாது.

"என்மேல குத்தமில்லை," என்றது டேப். கண்ணாடி முகம், கொஞ்சம் கர்வி. "பாட்டு பூரா என்கிட்ட இருக்கு. நான் தயார். இந்தத் தீனிப்பண்டாரம் கேக்குற கரண்டுக்கு நான் எங்க போவேன்?"

தீனிப்பண்டாரம் என்றது சவுண்ட் கார்டை. உள்ளங்கை அளவில் கறுப்பாக இருக்கும். அதற்கு இரண்டு வாய். ஒன்று ஸ்பீக்கரில் ஊருக்குப் பாடும். மற்றது அடுத்து வரப்போகும் பாட்டைத் தங்கமாரியின் ஹெட்ஃபோனில் ரகசியமாகச் சொல்லும். டேப்புக்கு ஒரே வாய். அதனால்தான் இந்தக் கூட்டு.

"ரெண்டு வாய்க்குப் பாடணும்னா ரெண்டு வாய்க்குச் சோறு வேணாமா?" என்றது கார்டு. "ஒரு பருக்கையப் போட்டுட்டு ஊருக்கே அன்னதானம் பண்ணுன மாதிரி பேசுறே."

"எனக்கே அரை வயிறு."

"ராத்திரி பூரா சார்ஜரக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறே. உனக்கு அரை வயிறா?"

நடுவில் கிடந்த ஒயர் நெளிந்தது. "நீங்க சண்டை போடுங்க. அவ என்னையில்ல பிடுங்கிப் பிடுங்கிச் செருகுறா! இடுப்பு கழண்டுபோச்சு."

மேடையின் இரு பக்கமும் நின்ற ஸ்பீக்கர்கள் தடியர்கள். "ம்ம்ம்" என்று இரைந்துகொண்டு நின்றார்கள். "நாங்க சாப்பிட்டு வெத்தலையும் போட்டாச்சு. உங்க பஞ்சாயத்து முடிஞ்சா ஒரு குரல் குடுங்க."

ஹப் மட்டும் பேசவில்லை.

ஹப் என்பது நாலு வாசல் வைத்த சின்னப் பெட்டி. சுவரிலிருந்து அடாப்டர் வழியாக அதற்குத் தனியாகக் கரண்டு வரும். அதை வாங்கிக் கார்டின் வயிற்றுக்குப் போடும். டேப்பிடம் பாட்டை மட்டும் வாங்கிக் கொடுக்கும். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி பார்க்கிறவள் மாதிரி. டேப்புக்கும் கார்டுக்கும் இத்தனை நாள் சண்டை வராமல் இருந்தது அதனால்தான். இரண்டுக்கும் அது உறைத்ததே இல்லை.

"நீயாச்சும் சொல்லு," என்றது டேப். ஹப் சொல்லவில்லை.

"பழி வந்ததும் ஊமையாயிட்டான் பாரு," என்றது கார்டு.

சுவரிலிருந்து அடாப்டர் கத்தியது. "நான் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். அங்க யாரும் குடிக்கலை!" அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டேப் தன் முகத்தில் எழுதிக் காட்டியது: இணைத்த பொருள் அதிக மின்சாரம் கேட்கிறது. தங்கமாரி அதை மூடினாள். மறுபடி எழுதியது. அணைத்துத் திறந்தாள். மறுபடியும் அதே எழுத்து.

"என்னத்தா," என்றார் மாமா. "சிலேட்டு மக்கர் பண்ணுதா?"

"ஒரு நிமிசம் மாமா."

"நீ சொன்ன நிமிசத்துல பாதிப் பேரு பந்திக்குப் போயிட்டான்."

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள். "பொண்ணுக்கு நடந்து வர மனசில்லையோ என்னவோ!" மெதுவாகத்தான் சொன்னாள். நாலு வரிசைக்குக் கேட்டது.

வாசலில் அக்கா சொர்ணம் மாலைக் கனத்தோடு நின்றாள். சும்மா வந்துவிடு என்று ஆள் மேல் ஆள் போய்ச் சொன்னார்கள். "மாரி போடுவா. போட்டதும் வர்றேன்" என்று திருப்பி அனுப்பினாள்.

அது தங்கமாரி காதிலும் விழுந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டாள், முதலிலிருந்து செருகலாம் என்று. ஹப் மேசைமேல் மல்லாக்கக் கிடந்தது.

அம்மா வள்ளிமயில் வந்தாள். இந்தச் சாமான்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகள் முகத்தில் வேர்வை ஓடுகிறது, அது தெரிந்தது. குனிந்து முந்தானையால் துடைத்தாள்.

அவள் தாலிச் சரட்டில் ஒரு ஊக்கு தொங்கியது. எல்லா அம்மாக்களின் சரட்டிலும் தொங்குவதுதான். வெள்ளிக்கிழமைதோறும் தாலிக்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. ஒட்டியே தொங்கினாலும் ஊக்குக்கு ஒன்றும் கிடையாது. அது கேட்டதும் இல்லை. கொக்கி போனால், செருப்பு வார் அறுந்தால், காலில் முள் ஏறினால் கூப்பிடுவார்கள். போகும், வரும்.

அம்மா குனிந்ததில் ஊக்கு ஹப்புக்கு நேர் மேலே வந்து ஆடியது.

"இவரு வாய்க்குள்ள என்ன மஞ்சளா?" என்றது.

"யாரது குறுக்க?" என்றது டேப்.

"ஊக்கு."

"சவுண்ட் கார்டு பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. வாய் அடைச்சிருந்தா பேச முடியாது. அது தெரியும்."

கார்டு எட்டிப் பார்த்தது. டேப்பும் பார்த்தது. இரண்டுக்கும் நினைவு வந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை. தங்கமாரி எல்லாரையும் பலகையில் வரிசையாக வைத்தாள். டேப்புக்கு முதுகில் பொட்டு. கார்டுக்கு நெற்றியில். ஹப்புக்கு நெற்றி இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வாசல். பின்னால் வட்டமாக ஒரு குழி இருந்தது. பொட்டுக்கென்றே குடைந்த மாதிரி இருந்தது. சந்தனத்தை அதில் அழுத்தி, மேலே குங்குமம் இட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கரண்டு குடிக்கும் வாய் அதுதான் என்பது பக்தியில் மறந்துபோயிற்று.

மறுநாள் எல்லாப் பொட்டையும் துடைத்தாள். மேலே இருந்தது போனது. உள்ளே இருந்தது இருந்தது. புரட்டாசியில் கல்யாணம் ஏது? பையை யாரும் திறக்கவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாயிற்று. இன்று காலை டேப்பை மட்டும் தனியாகப் பாட வைத்துப் பார்த்தாள். பாடியது. கிளம்பிவிட்டாள்.

"அப்ப இவன் பேசாம இருந்தது வாய் அடைச்சதாலயா!" என்றது கார்டு.

"மனுசங்களுக்கு எப்படிச் சொல்றது?" என்றது டேப். முதல் தடவையாக அதன் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஒரு வழிதான் தெரியும்," என்றது ஊக்கு. முந்தானையைச் சரிசெய்ய வந்த அம்மாவின் கட்டைவிரலில் சுருக்கென்று ஒரு குத்துக் குத்தியது.

"ஸ்ஸ்," என்று அம்மா கீழே பார்த்தாள். விரலுக்கு நேரே ஹப் கிடந்தது. "ஏத்தா மாரி, இதுக்குள்ள என்ன, சந்தனமா?"

தங்கமாரி எடுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அம்மா, அந்த ஊக்கக் குடு."

அடாப்டர் ஒயர் கழன்றுதான் கிடந்தது. ஊக்கு விரிந்து உள்ளே போனது.

"கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கோங்க," என்றது.

குழிக்குள் வளைத்துச் சுரண்டியது. சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேசை முழுக்கப் பூஜை வாசனை. தங்கமாரி வாயால் ஊதினாள், தட்டினாள், அடாப்டரையும் மற்ற ஒயர்களையும் செருகினாள். ஹப்பில் குட்டி விளக்கு பச்சையாக எரிந்தது.

வசவு விழும் என்று டேப்பும் கார்டும் தலையைக் குனிந்துகொண்டன. வாய் திறந்ததும் ஹப் கேட்டது இதுதான்:

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

டேப்புக்குப் பாட்டைத்தான் கொடுக்கத் தெரியும், கொடுத்தது. ஹப் வாங்கிக் கடத்தியது. கார்டு வயிறார உண்டு இரண்டு வாயாலும் பாடியது. தடியர்கள் திடுக்கிட்டு எழுந்து மண்டபத்தை அதிரவைத்தார்கள். பந்தியில் பாதி இலையில் இருந்தவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். சொர்ணம் நடந்து வந்தாள். மேடையைப் பார்த்தல்ல, தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாமா எழுந்து மேசைக்கு வந்தார். தங்கமாரி தோள்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சத்தத்தக் கூட்டுத்தா," என்றார். "பின்னால இருக்கவனுக்குக் கேக்க வேணாமா?"

அதற்குப் பிறகு பரண் பேச்சே எழவில்லை.

ஆட்டமெல்லாம் ஓய்ந்தபின் டேப் ஹப்பிடம் சொன்னது: "இத்தனை நாளும் நீ போட்டதத் தின்னுதான் இங்க பாட்டு நடந்திருக்கு. நான் என்னமோ நான் பாடுறதா நினைச்சேன். உனக்குக் கோடி புண்ணியம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றது கார்டு. "ஊமைன்னு சொன்னத மனசுல வச்சுக்காதே."

"விடுங்க," என்றது ஹப். "அவளையும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஆசையாத்தான் வச்சா. இடம்தான் தப்பு. எனக்கு யாரும் சந்தனம் வச்சதில்ல. மூச்சு முட்டினாலும் வாசமா இருந்துச்சு." சுற்றிலும் பார்த்து, "நன்றி சொல்றதா இருந்தா அங்க சொல்லணும். ஆளைக் காணோமே?" என்றது.

காணவில்லை. அது அம்மாவோடு வாசலுக்குப் போயிருந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு டவுசர் பொத்தான் போய்விட்டதாம்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அதே பலகை. டேப்புக்கு முதுகில் பொட்டு, கார்டுக்கு நெற்றியில். ஹப்புக்கு மேல் மூடியில், வாய்க்கு எட்டாத தூரத்தில். ஆனால் முதல் பொட்டு இவர்கள் யாருக்கும் இல்லை. பலகையின் நடு இடம் காலியாக இருந்தது. டேப்தான் நகர்ந்து கொடுத்திருந்தது.

தங்கமாரி அம்மாவின் சரட்டிலிருந்து கழற்றி எடுத்து வந்தாள். சந்தனத்தைத் தொட்டு வைத்தாள், நிற்கவில்லை. மறுபடி வைத்தாள், வழுக்கியது. பொட்டு வைக்க இடமில்லாத உடம்பு.

"அதுக்குப் போயி எங்கத்தா பொட்டு வைப்ப?" என்று அம்மா சிரித்தாள்.

தங்கமாரி யோசித்தாள். சந்தனத்தை எலுமிச்சை அளவு உருட்டிப் பலகையின் நடுவில் வைத்தாள். உருண்டையின் உச்சியில் குங்குமம் இட்டாள். பிறகு விரித்து, அதில் குத்தி நிறுத்தினாள்.

எல்லாருக்கும் முன்னால், நிமிர்ந்து நின்றது ஊக்கு.