முதல் இலை

"அவங்களுக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?"

கால் கழுவக்கூட நிற்காமல் கேட்டார் அருணகிரி. பேரூராட்சித் தலைவர். அவர் ஊரில் தமிழ் பேசுகிறவர்கள்தான் அதிகம். தெலுங்கு பேசுகிறவர்களுக்குக் கிழக்குத் தெரு ஒன்றுதான். அந்தத் தெரு ஊரிலிருந்து பிரிந்து பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேரப் போகிறதாம். திங்கட்கிழமை மனுவில் கையெழுத்து.

மடத்துத் திண்ணையில் தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் அருணகிரிக்குக் குரு. அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

"விழான்னா முன்வரிசை நாற்காலி அவங்களுக்குத்தான். அவங்க கவுன்சிலர் ஓபுளம்மாவுக்கு வருஷா வருஷம் பொன்னாடை போத்தறேன்."

"அவங்க என்ன கேட்டாங்க?"

"தலைவர் பதவி. பாதிக் காலம் நாங்க, பாதிக் காலம் அவங்களாம். எங்க பக்கம் பன்னிரண்டு கவுன்சிலர், அவங்க மூணே பேர். உங்களுக்கு எதுக்கு சிரமம், நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேன். பணிவாத்தாம்மா சொன்னேன்."

அம்மா எழுந்து பாய் விரித்தார்.

"உட்காருங்க தலைவரே."

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாக இந்த மடத்தில் அவர் வெறும் "வாப்பா"தான். வந்ததும் நேரே சமையல்கட்டுக்குப் போவார். புளி கூடிப்போச்சு என்று அம்மாவிடமே மல்லுக்கு நிற்பார். எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்பதுவரை அவர் பேச்சு இல்லாமல் நடக்காது.

பழக்கதோஷத்தில் கீரைக்குக் கை நீட்டினார்.

அம்மா முறத்தை நகர்த்திக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்? நாங்க பாத்துக்கறோம்."

சாப்பாட்டில் முதல் இலை அவருக்கு. கழுத்தில் மாலை. இரண்டு முறை நெய்.

கிணற்றைத் தூர்வாருவதா, புதிதாக ஒன்று வெட்டுவதா என்று மற்ற சீடர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அருணகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கண்காட்டியிருப்பார் போல. எல்லோரும் சிரித்த முகமாக அவர் இலையில் இன்னொரு வடை வைத்தார்கள்.

மறுபடி வாயெடுத்தார்.

மறுபடி வடை.

அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அறுபத்தொரு வயது மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதுக்கு என்னை வெளியே போடான்னு சொல்லியிருக்கலாம்மா."

அம்மாவுக்கும் கண் கலங்கியது. இந்த ஆள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அருணகிரி அழுதபடியே கொஞ்ச நேரம் வடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையை மடித்தார். கை கழுவினார். செருப்பைத் தேடி மாட்டினார்.

"எங்கப்பா?"

"ஓபுளம்மா வீட்டுக்கு. மீதி ரெண்டரை வருஷம் அவங்க தலைவரா இருக்கட்டும்."

"மனசு வந்துடுச்சா?"

"இன்னும் வரலம்மா. கிழக்குத் தெரு தூரம்தானே, போறதுக்குள்ள வந்துடும்."