கடைசி உப்பு வண்டி

உப்பு ஒரு மூட்டை கொடுத்தால் நெல் ஒரு மூட்டை கிடைத்த காலம். கேளுங்கள்! கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோன உமணர் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவன் சேந்தன்.

சேந்தனின் வண்டிதான் எப்போதும் முதலில் போகும். கூட்டத்திலேயே திடமான காளைகள் அவன் நுகத்தில்தான். அவன் கொம்பு ஊதினால் இருபது வண்டிகளும் கிளம்பும், மறுபடி ஊதினால் நிற்கும்.

அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. முதலில் வந்து சேர்ந்தவனுக்குச் சூடான கஞ்சி. கடைசியில் வந்தவனுக்குப் பானையின் அடியில் ஒட்டியது.

"வயிறு காய்ந்தால் வண்டி தானாக ஓடும்" என்பான்.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. மேற்கு மலையின்மேல் கருமேகம் திரண்டு நின்றது. வழியிலோ மூன்று ஆறுகள். மழைக்கு முன் தாண்டாவிட்டால் உப்பு கரைந்துபோகும். உப்பு போனால் அந்த ஆண்டு யார் வீட்டிலும் உலை கொதிக்காது.

முதல் ஆறு வந்தது. சேந்தனின் வண்டி பாய்ந்து அக்கரை ஏறியது. கடைசி வண்டி வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. அதை ஓட்டி வந்தவள் வெள்ளச்சி.

"ஏன் தாமதம்?" என்றான் சேந்தன்.

"வழி சரியில்லை, தலைவரே."

"நானும் அதே வழியில்தானே வந்தேன்?"

அன்று அவளுக்கு அடிக்கஞ்சி.

இரண்டாம் ஆறு வந்தது. வெள்ளச்சி மறுபடியும் கடைசி.

"ஏன் தாமதம்?"

"வழி சரியில்லை."

"அதே வழிதானே?"

அன்று அவளுக்குப் பானை கழுவிய தண்ணீர்.

மூன்றாம் ஆறு மூன்றிலும் அகலம். மலையில் மழை தொடங்கிவிட்டது, தண்ணீர் செந்நிறமாகிக்கொண்டிருந்தது. சேந்தன் கொம்பை எடுத்தான். விறுவிறுவென்று வந்த வெள்ளச்சி அவன் காளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வழி ஒண்ணுதானே, தலைவரே? அப்போ வண்டிய மாத்திக்குவோம். உங்க வண்டியில நான் முன்னால போறேன். என் வண்டியில நீங்க வாங்க."

"கஞ்சியையும் மாத்திக்கோ, அக்கா!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது.

சேந்தனுக்கு முகம் சிவந்தது. "இந்தா கொம்பு. நான் அக்கரை ஏறும்போது நீதான் வெட்கப்படுவாய்!"

கொம்பு ஒலித்தது. வண்டிகள் இறங்கின. சேந்தன் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசியில் நின்று பார்த்தான்.

முதல் வண்டி மணலில் விரல் ஆழம் தடம் பதித்தது. அடுத்தடுத்த வண்டிகள் அதையே சாண் ஆழமாக்கின. அவன் முறை வந்தபோது அங்கே வழியே இல்லை. சேறு கலங்கிய பள்ளம்தான் இருந்தது.

நட்டாற்றில் சக்கரம் அச்சுவரை புதைந்தது. அதட்டினான், காளைகள் முழங்காலிட்டன. தண்ணீர் மளமளவென்று ஏறி மூட்டைகளின் அடியை நெருங்கியது.

அக்கரையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பானையைச் சுற்றி முண்டியடித்தார்கள். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உதவிக்கு இறங்குகிறவன் கடைசியாகிவிடுவானே!

சேந்தன் அக்கரையையும் புதைந்த சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை ஆண்டுகளாக இவர்கள் வழியைக் கெடுத்தது என் சக்கரமா? அதற்குத் தண்டனையும் நானே கொடுத்தேனா? இதோ, நான் போட்ட சட்டமே என்னை மூழ்கடிக்கப் போகிறதா?

காளைகளை அவிழ்த்துவிட்டுத் தப்பியிருக்கலாம். மாடு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வண்டிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான்:

"வெள்ளச்சி! நான் சொன்னது தப்பு! கடைசி வண்டி கரை ஏறும்வரை யாருக்கும் கஞ்சி இல்லை!"

அவ்வளவுதான்! கொம்பு முழங்கியது. பானையை விட்டு எழுந்தார்கள். காளைகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு, கயிறும் முள்செடிக் கட்டுமாக ஆற்றில் குதித்தார்கள். பள்ளத்தில் செடிகளைத் திணித்தார்கள்.

ஒரு இழுப்பு, வண்டி அசையவில்லை. இரண்டாம் இழுப்பு, அச்சு முனகியது. மூன்றாம் இழுப்பில் வண்டி துள்ளிக் கரையேறியது! பின்னாலேயே வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. ஒரு மூட்டைகூடக் கரையவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து சேந்தன் பானையருகே வந்தான். அகப்பையோடு நின்ற வெள்ளச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் தாமதம், தலைவரே?"



"வழி சரியில்லையம்மா" என்றான் சேந்தன்.

அவனே முதலில் சிரித்தான். பிறகு மலையே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றுமுதல் ஒவ்வொரு வண்டியும், தான் ஆற்றைத் தாண்டியதும் தன் தடத்தில் செடி பரப்பி நிரவிவிட்டுத்தான் போனது. திடமான காளைகளோடு தலைவனின் வண்டி கடைசியில் வந்தது. மற்ற கூட்டங்கள் ஒரு நடை போய் வருவதற்குள் சேந்தன் கூட்டம் இரண்டு நடை போய் வந்தது.

ஆகவே, பலரை நடத்துகிறவன் தான் போடும் சட்டத்தைக் கடைசி ஆளின் இடத்தில் நின்று தானே பட்டுப் பார்க்க வேண்டும்.