டம்ளருக்குப் பின்னால்

பெண்டாட்டியைக் காணோம். காட்டப் படம் இல்லை.

படம் பிடிப்பதே கதி என்று திரிகிற மனுஷனுக்கு இந்த நிலைமை.

ஆறுமுகநயினார் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்கவில்லை. கேமரா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெர்பெத்துவா டீச்சரிடம் படமெடுக்கப் படிக்கப் போனார். டீச்சருக்கு அவர் மகளாகும் வயதுதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதான். கைகட்டித்தான் நிற்பார்.

மலை, கடல், சூரியன் எதுவும் அவருக்கு வேண்டாம். ஊசிக்காது போதும். சீப்பின் பல், டம்ளர் விளிம்பு போதும். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போவார். லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு நூல் அகலம் மட்டும் துல்லியமாக விழும்படி எடுப்பார். மற்றதெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும்.

அந்த நிறம் நன்றாக விழ வேண்டுமே. அதற்குத்தான் மனைவி செண்பகம்.

"அடுப்பங்கரைச் சன்னல்கிட்ட போய் நில்லு. சேலைப் பச்சை நல்லா விழுது."

நிற்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கூப்பிட்டால் வர அவள் ஒருத்திதான்.

அன்று காலை குழாயில் தொங்கிய சொட்டைப் பிடிக்கக் குனிந்திருந்தார். பின்னாலிருந்து செண்பகம் என்னவோ சொன்னாள். "உம்" என்றார். சொட்டு விழுந்தது, படமும் விழுந்தது. நிமிர்ந்தார். அவள் இல்லை.

மத்தியானம் வரை இல்லை. அவள் செல்போன் சார்ஜில் கிடந்தது. மார்க்கெட், கோயில், தங்கச்சி வீடு, எங்கும் இல்லை. என்ன சொல்லிவிட்டுப் போனாள்? மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தார். ஒரு சொல் வரவில்லை.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்.

"போட்டோ குடுங்க" என்றார் ஏட்டம்மா.

செல்போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"என்ன சார் இது?"

"அவ வளையல்."

"இது?"

"மூக்குத்தித் திருகு."

"சார், காணாமப் போனது ஆளா, நகையா?"

"பின்னால நிக்கிறது அவதாம்மா."

"பச்சையாப் புகை மாதிரி இருக்கு. முகத்தைக் காட்டுங்க."

ஆதார் அட்டையைக் கொடுத்தார். ஏட்டம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வச்சு என் மாமியாரைக்கூடப் பிடிச்சிட்டு வரலாம். சரி, இன்னைக்கு என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

நயினாருக்கு அவள் ரவிக்கையில் ஒரு கொக்கி வளைந்திருப்பது தெரியும். சேலை தெரியாது.

"வெளியே உட்காந்து யோசிங்க."

வெளியே வந்தார். டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், கலங்கலா விழுந்த முகத்தைத் தெளிவாக்க முடியுமா?"

"யார் முகம்?"

சொன்னார்.

"முடியாது."

"கம்ப்யூட்டர்ல ஏதாவது வழி..."

"கிடையாது, அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க. வாரேன்."

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த டீச்சர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. படங்களைப் பார்க்க உட்கார்ந்தார். நயினார் நின்றுகொண்டே இருந்தார். நேரம் ஓடுகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டம்ளர் விளிம்பு, டீச்சர். சரியா விழுந்திருக்கா?"

"டம்ளரை யார் கேட்டா? பின்னால."

"செண்பகம்."

"பச்சைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கே, அது?"

உற்றுப் பார்த்தார். "கை போல."

டீச்சர் அடுத்ததைத் தள்ளினார். சீப்பு. பின்னால் பச்சை. அதிலும் கை மேலே. அடுத்தது உப்புக்கல். அதிலும்தான்.

"எல்லாத்துலயும் ஏன் கையைத் தூக்கியிருக்காங்க?"

"வெயிலுக்கு மறைச்சிருப்பா."

"இது வடக்குச் சன்னல், அண்ணாச்சி. வெயில் எங்கேருந்து வரும்?"

நயினார் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க போய் நில்லுங்க."

"டீச்சர், ஆளைத் தேடாம..."

"நில்லுங்கன்னா நில்லுங்க."

போய் நின்றார். அந்த இடத்துக்கு எத்தனையோ தடவை அவளை அனுப்பியிருக்கிறார். தான் நின்றதில்லை. வெளியே பின் தெரு. எதிர் மொட்டைமாடியில் ஒரு துணிக்கொடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இருட்டுக்கு முந்தி ஒருவன் அவசர அவசரமாகத் துணியை உருவிக்கொண்டிருந்தான்.

"கையைத் தூக்குங்க."

தூக்கினார். வெட்கமாக இருந்தது.

மாடியில் இருந்தவன் திரும்பினான். பதிலுக்குக் கையைத் தூக்கப் போய், பாதியில் நிறுத்தினான். "யாரது? அக்கா இடத்துல நிக்கது?"

"நான்... அவ வீட்டுக்காரன்."

"ஓ, படம் பிடிக்கிற அத்தானா! ராத்திரிச் சாப்பாடு உங்களுக்குக் கடையிலதான் போலிருக்கே!"

"அவ எங்கப்பா?"

"என்ன அத்தான் இப்படிக் கேக்கீக? காலையில எங்க அம்மா இந்த நாற்காலியிலயே சாஞ்சுட்டா. நான் உப்பளத்துல கிடந்தேன். அக்காதான் சன்னல் வழியாப் பாத்துட்டு ஓடி வந்து, ஆட்டோவுல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோச்சு. அம்மா பிழைச்சுக்கிட்டா. மாத்துத்துணி எடுக்க வந்தேன். உங்ககிட்ட சொல்லிட்டு வந்ததா அக்கா சொல்லுச்சே!"

நயினார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மா பேரு என்னப்பா?"

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மாடத்தி. அக்காவுக்கு தினமும் கை காட்டுவாளே."

துணிமூட்டையோடு இறங்கிப் போனான். டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"டீச்சர்" என்றார் நயினார். "எல்லாம் கலங்கித்தானே கிடந்துது. நீங்க மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? செருப்பை மாட்டுங்க, போவோம்."

"பிறகு யாரு?"

"நீங்க டம்ளரைப் பாத்துக்கிட்டிருந்த நேரமெல்லாம் கையைத் தூக்கி வழி காட்டிக்கிட்டு நின்னாங்களே, அண்ணாச்சி. செண்பகம்."