பிரியாணி ஆறுது சார்!

நாகர்கோவிலில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தும் ஞானதுரை மாஸ்டருக்கு மைக் கிடைத்தால் போதும், ஊர் உலகம் மறந்துவிடும். வகுப்பின் ஆண்டு விழாவில் காலையில் தொடங்கிய பேச்சை அவர் மத்தியானம் தாண்டியும் விடவில்லை. சிறப்பு விருந்தினராக வந்திருந்த சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ரோஸ்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் புஷ்பகனி கொட்டாவி விட்டாள். ஜவுளிக்கடையில் துணி மடிப்பவள். சான்றிதழ் கிடைத்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்றுதான் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"எந்திரி!" என்று மாஸ்டர் சீறினார். "ரிலக்டன்ட், இன்டரப்ட், போஸ்ட்போன். மூணு வார்த்தையும் ஒரே வாக்கியத்துல வரணும். மனப்பாடம் செல்லாது. இப்ப இங்க நடக்கிற உண்மையைச் சொல்லணும். இல்லேன்னா சான்றிதழ் கிடையாது!"

புஷ்பகனி எழுந்தாள். மூன்று வார்த்தையையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள்:

"ஐ ஆம் ரிலக்டன்ட் டு இன்டரப்ட் யூ சார், பட் ப்ளீஸ் போஸ்ட்போன் யுவர் ஸ்பீச், பிகாஸ் த பிரியாணி இஸ் கெட்டிங் கோல்ட்."

"என்னட்டி சொல்லுதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"குறுக்க பேச மனசில்லையாம். மிச்சத்தைப் பொறவு பேசணுமாம். பிரியாணி ஆறுதாம்!" என்று பக்கத்தில் இருந்தவள் தமிழில் சொன்னாள்.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தப்புக் கண்டுபிடிக்க மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.

"வாக்கியம் சரி மாஸ்டர். உண்மையான்னு பந்தியில போய்ப் பார்த்துருவோம்."

சாப்பிட உட்கார்ந்ததும் டாக்டர் புஷ்பகனி பக்கம் குனிந்தார். "எங்க ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு வர்றியாம்மா? நிறுத்தாமப் பேசுறவங்களை நயமா நிறுத்த ஒரு ஆள் தேடிட்டு இருக்கேன்."