ஒன்று இரண்டு மாத்திரை

செல்லத்துரையை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நெஞ்சுக்குப் புது மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்றார்.

“பழைய டாக்டரு கணக்குப் பார்த்துக் குடுப்பாரு. இவரு தாராளம், அண்ணாச்சி. காலையில ஒண்ணு ரெண்டு போட்டுக்கிடச் சொல்லியாச்சு. மூச்சு வாங்குற அன்னைக்கு ரெண்டு, இல்லாட்டி ஒண்ணு.”

“டீயும் அப்படித்தானோ?” என்றேன்.

“டீ எப்பவும் ரெண்டுதான். அதுவும் உங்க கணக்குல.”

சிரித்தபடி கம்பைத் தட்டிக்கொண்டு போனார். அடுத்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

போனில் இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொன்னது ‘செவிவழி’ என்ற செயலி. அதைத் தொடங்கியவர் தாவீது. அவருக்கும் பார்வை இல்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். விலைக்கு வரும் செயலிகள் தமிழைக் கடித்துத் துப்புகின்றன என்று தானே ஒன்றை ஆரம்பித்து, நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தார். யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், தப்பைக் கண்டவர் திருத்தி அனுப்பலாம். ஒரே ஒரு விதி: எழுதியவர் தன் திருத்தத்தைத் தானே சேர்க்கக் கூடாது. வேறொருவர் காதால் கேட்டுச் சரி என்ற பிறகே அது சேர வேண்டும். முன்பு ஒருவர் அவசரப்பட்டுத் தானே சேர்த்ததில் போன் நம்பர்களில் பூஜ்யமெல்லாம் விழுந்துபோய், எத்தனையோ பேர் முன்பின் தெரியாதவர்களை எழுப்பிப் பேசினார்கள். அதிலிருந்து வந்த விதி.

தப்புகளைப் பற்றிய பேச்செல்லாம் ஒரு பொதுப் பக்கத்தில் நடக்கும். வெளிநாட்டுக்காரர்களும் உதவ வேண்டும் என்பதற்காக அதை ஆங்கிலத்தில் வைத்திருந்தார்கள். செவிவழிக்கு ஆங்கிலம் படிக்க வராது. எனக்கும் வராது. மனைவி போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அதற்குத் தமிழ்ச் சொற்களைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதிய ரஹ்மத் நிஷா ஒரு தப்பைக் கண்டாள். ‘1/2’ என்று எழுதியிருந்தால் செவிவழி நடுக்கோட்டை விழுங்கிவிட்டு ‘ஒன்று இரண்டு’ என்றது. பொதுப் பக்கத்தில் உடனே எழுதினாள். ‘அரை’ என்று படிக்கும்படி திருத்தமும் எழுதி அனுப்பினாள்.

கேட்டுப் பார்க்கும் வேலை வங்கி ஊழியர் கோமதிநாயகத்துடையது. கேட்டார், திருப்பி அனுப்பினார். “பரீட்சை 1/2 அன்றுன்னு இருந்தா, அரை அன்றுன்னு படிக்குதேம்மா! அந்தப் பிள்ளை பாதிப் பரீட்சை எழுதிட்டு வரவா?” என்றார். நியாயம்தான். ஒன்றின் கீழ் இரண்டு, பிப்ரவரி ஒன்றாம் தேதியாகவும் வரும்.

நிஷா மறுபடி உட்கார்ந்தாள். பின்னால் மாத்திரை, கரண்டி, லிட்டர் என்று வந்தால் மட்டும் ‘அரை’ என்று சொல்லும்படி மாற்றி அனுப்பினாள். அப்போது கோமதிநாயகம் மகள் கல்யாண வேலையில் இருந்தார். “தாலி ஏறட்டும்மா, அடுத்த வேலை உன்னோடதுதான்” என்றார்.

திருத்தங்களைச் செயலியில் சேர்க்கும் உரிமை நிஷாவுக்கும் இருந்தது. தாவீதை போனில் கூப்பிட்டாள்.

“நானே சேத்துரட்டுமா, சார்?”

“ஆள் வச்சுப் படிக்கச் சொல்லி விடைத்தாள் திருத்துற இடத்துல கிடக்கேன், இல்லாட்டி நானே கேட்டுருவேன். நல்ல காரணத்துக்குன்னு நீ மீறினா, அடுத்தவன் கெட்ட காரணத்தையும் நல்லதுன்னுதான் சொல்லுவான். பொறும்மா.”

அவள் பொறுத்தாள்.

செல்லத்துரையின் மகன் பொன்ராஜ் மஸ்கட்டிலிருந்து வந்துதான் காரியம் செய்தான். போன தடவை வந்தபோது அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனவனும், திரும்ப மஸ்கட்டுக்குக் கிளம்புமுன் மாத்திரை அளவை அவர் போனில் தட்டி வைத்தவனும் அவன்தான். ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்த அட்டைகள் அதற்குள் காலியாகிக் கிடந்தன. அளவு மீறிப் போனதில் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் அந்தக் குறிப்பை அழுத்தினான். போன் தெளிவாகப் படித்தது: “காலை ஒன்று இரண்டு மாத்திரை.”

“நான் அரைன்னுல்லா போட்டேன்!” என்று கத்தினான்.

கல்யாணம் முடிந்த கையோடு கோமதிநாயகமும் வந்திருந்தார். தாவீதும் நிஷாவும் பக்கத்தில். பழியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரில் ஒவ்வொருவரும் அதைத் தனக்கென்று கேட்டார்.

“சேக்குற உரிமை எங்கிட்ட இருந்துச்சு. நான் சும்மா இருந்தேன்” என்றாள் நிஷா.

“முதல்ல வந்ததைத் திருப்புனவன் நான். ரெண்டாவதை வாங்கிப் பந்திக்குப் பின்னால போட்டவனும் நான்” என்றார் கோமதிநாயகம்.

“விதி என்னோடது. நீங்க ரெண்டு பேரும் கீழ்ப்படிஞ்சீங்க” என்றார் தாவீது.

பொன்ராஜ் மூவரையும் பார்த்தான். “ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. யாரைத் திட்டணும்னாவது எனக்குத் தெரியட்டும்.”

படிக்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: பொன்ராஜ் யாரைத் திட்ட வேண்டும்?

விடை: அவர்கள் எதைத் தங்கள் பழி என்று கேட்டார்களோ, அதற்காக ஒருவரையும் திட்ட முடியாது. கோமதிநாயகம் திருப்பியது சரி. முதல் திருத்தத்தில் பிழை இருந்தது. நிஷா பொறுத்தது சரி. அதே பிழைதான் அந்த விதி ஏன் வேண்டும் என்று காட்டியது. தாவீது விதியை வளைக்காததும் சரி. திருத்தம் வர நாளாகும், அது குற்றமில்லை. ஆனால் ‘1/2 என்று எழுதியிருந்தால் நம் செயலி தப்பாகப் படிக்கிறது, இன்னொருவரிடம் கேளுங்கள்’ என்று தமிழில் ஒரு செய்தி அனுப்ப எந்த விதியும் தடையாக இல்லை, யார் ஒப்புதலும் தேவையில்லை. மூவரும் தப்பை மறைக்கவில்லை. உலகமே பார்க்கும்படி எழுதி வைத்தார்கள், அதைக் கேட்டு வாழ்கிறவர்களுக்கு எட்டாத மொழியில். அந்தப் பழியை மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. அது மூவருக்கும் முழுதாக உண்டு, பங்கு பிரிக்க வராது.

அந்த வாரமே கோமதிநாயகம் கேட்டு ஒப்புதல் கொடுத்தார், திருத்தம் சேர்ந்தது. செவிவழி இப்போது அதை அரை மாத்திரை என்றே படிக்கிறது.