சாணி வண்டு ஏன் முதுகைக் காட்டி உருட்டுகிறது

அந்தக் காலத்தில், பூச்சி பொட்டுக்கெல்லாம் வாயும் பேச்சும் இருந்தபோது, ஒரு மாட்டுக்கொட்டகை மூலையில் வளை தோண்டி ஒரு வண்டுக் குடும்பம் குடியிருந்தது. மாமியார் கொம்பு வண்டு. அவள் தொண்டையைச் செருமினால் கூரைப் பல்லிகூட வாலை இழுத்துக்கொள்ளும். மூத்த மருமகள் பொன்வண்டு. பச்சைப் பட்டு மாதிரி மினுக்குகிற உடம்பு, அதில் ஒரு தூசி பட்டால் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள். அடுத்தவள் மின்மினி. ராத்திரி விளக்குப் பிடிக்கிறேனே, போதாதா என்று பகலெல்லாம் படுத்துக் கிடப்பாள். கடைசியாக வாக்கப்பட்டு வந்தவள் வெள்ளையம்மா. பேர்தான் வெள்ளையம்மா, ஆள் அட்டக்கரி.

அந்த வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்கிற வேலை ஒன்று உண்டு. வளைக்குப் பக்கத்திலேயே பசு கட்டிக் கிடக்கும். அது போடுகிற சாணி வாசலை அடைத்துக்கொள்ளும். அகற்றாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். மருமகள்கள் முறை வைத்து அள்ளினார்கள். தன் முறை வருகிற நாளில் பொன்வண்டுக்கு விடியும்போதே தலைவலி வந்துவிடும். மின்மினிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வெள்ளையம்மா முறை வந்தது. அவள் மற்றவர்களைப் போல மூக்கைப் பொத்திக்கொண்டு துணுக்குத் துணுக்காகக் கிள்ளிச் சுமக்கவில்லை. முன்னங்காலால் அணைத்துத் தட்டினாள். தட்டத் தட்ட அது உருண்டையானது. மெதுவாக ஒரு தள்ளு தள்ளினாள், கடகடவென்று ஓடியது. அட! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே ஓடிப் பிடித்து, மறுபடி தட்டி, மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று ஆக்கி, முகத்துக்கு நேரே வைத்து அழகு பார்த்தபடி, பாட்டுப் பாடிக்கொண்டே வாய்க்கால் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். சாணி அள்ளுவதில் என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள். சில பேருக்குச் சில வேலையில் மனசு ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்க நாம் யார்?

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வந்ததும் வராததுமாக, "அக்கா, இந்த வேலை எனக்கு எம்புட்டுப் பிடிச்சிருக்கு தெரியுமா? நாள் பூரா செய்யச் சொன்னாலும் செய்வேன்" என்றாள் பாவி.

பொன்வண்டும் மின்மினியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே பொன்வண்டு வந்து, "வெள்ள, உனக்குத்தான் இது கைவந்த வேலை. என் முறையையும் நீயே பார்த்துக்கிறியாடி?" என்று கொஞ்சினாள்.

"அதுக்கென்னக்கா, கொடுங்க!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முறை என்ற பேச்சே கிடையாது. கொஞ்சலும் நின்றுபோனது. வாசலில் சாணி விழுந்தால், "எங்கே அவ?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். கால் வலிக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்தாள். "பிடிச்சுச் செய்யிற வேலை எங்கயாச்சும் வலிக்குமா?" என்று மாமியார் கேட்டாள். இவள் எழுந்து மறுபடி சாணியைத் தட்டப் போனாள். பிடித்திருந்தது உண்மைதானே!

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப் போக அவளைப் பெற்றவள் வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து, புளியமரத்தடியிலிருந்து, நடந்தே வந்தாள். "ஆடிக்கு மகளைக் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி" என்று கேட்டாள். "தாராளமா. ஆனா வாசலை யாரு பார்க்குறது?" என்றாள் கொம்பு வண்டு. வெள்ளையம்மா புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தாய் வந்த வழியே தனியாகத் திரும்பிப் போனாள்.

மழைக்காலம் வந்தது. பச்சைப் புல் மேய்ந்த பசு வாசலை நிறைத்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், எறும்பு ஒன்று நனைந்துகொண்டு ஓடி வந்தது.

"வெள்ளையம்மா, உங்க ஆத்தாளுக்கு ரொம்ப முடியலை. உன் முகத்தை ஒரு தரம் பார்த்துட்டாப் போதும்னு வாசலையே பார்த்துட்டுக் கிடக்கு. உடனே கிளம்பு."

அவள் பதறிப் போனாள். "அத்தை, நான் போகணும்" என்றாள்.

"போ தாயி, பெத்தவளைப் பார்க்க வேணாம்னு சொல்ல நான் என்ன ராட்சசியா? இந்த வாசலை மட்டும் வழி பண்ணிட்டுப் போ."

"அக்கா, இன்னைக்கு ஒருநாள் நீங்க..."

பொன்வண்டு தன் உடம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு எங்கடி அந்த நேக்கு வருது? நீன்னா விளையாட்டா முடிச்சிடுவே." மின்மினி படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். வாசல் அடைபட்டால் படட்டும், யாருக்கு மூச்சு முட்டினால் இவளுக்கு என்ன? ஆனால் அவள் சாணியைத் தொட்டாள். ஒரே உருண்டை, முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். ஒன்றை அகற்றினால் பசு இன்னொன்று போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் தட்டினாள்.

இனி சொல்லப் போவதுதான் கொடுமை. மழையில் ஊறின சாணி அன்றைக்கு வெண்ணெய் மாதிரி வாகாக இருந்தது. கடைசி உருண்டை அவள் ஆயுசில் செய்யாத அழகோடு திரண்டு வந்தது. ஈரத்தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே ஓடினவளுக்குத் தன்னை அறியாமல் பாட்டு வந்துவிட்டது. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம், அவள் அம்மாவை மறந்துபோனாள்.

வாய்க்கால் கரையில் அதே எறும்பு எதிரே வந்தது. அவள் பாடிக்கொண்டு வருவதைப் பார்த்து நின்றது. அது திட்டவில்லை.

"மெதுவாவே வா வெள்ளையம்மா. இனிமே அவசரம் இல்லை."

பாட்டு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து பாட்டு வரவே இல்லை, ஒரே ஒரு பேச்சுத்தான் வந்தது. "மாமியார் தடுத்தா, ஓரகத்தி தடுத்தா என்று ஊரெல்லாம் சொல்லி அழலாம். நான் பாடினேனே, அதை யார்கிட்டச் சொல்லி அழுவேன்?" இதுதான் அவள் கடைசியாகப் பேசினது.

எறும்பு கொட்டகைக்கும் போய்ச் சேதி சொன்னது. அங்கிருந்து கொம்பு வண்டின் சத்தம் கேட்டது: "சாவு வீட்டுக்குப் போறதுக்கு முந்தி இதையும் ஒரு உருட்டு உருட்டிட்டுப் போ!"

வெள்ளையம்மா அந்த வாசலுக்குத் திரும்பவில்லை. ஆனால் பழகிப்போன கால் சும்மா நிற்குமா? எதிரே கிடந்த உருண்டையை முகத்துக்கு நேரே பார்க்க அவளுக்கு ஆகவில்லை. திரும்பிக்கொண்டாள். தலையை மண்ணில் கவிழ்த்து, பின்னங்காலால் அதை உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். முன்னால் பார்க்காமல் போனதில் வழி தப்பியது. உருண்டை மேல் ஏறி நின்று புளியமரத்தைத் தேடினாள்.

அன்று முதல்தான் சாணி வண்டு ஊமையாகத் தலைகவிழ்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சாணியை உருட்டுகிறது. நடுநடுவே உருண்டை மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அம்மா வீடு எந்தப் பக்கம் என்று பார்க்கிறது. பார்த்துவிட்டு, மறுபடியும் இறங்கி உருட்டத்தான் போகிறது.