ஆளுக்கொரு ஸ்பீக்கர்

பாகம் பிரித்தபோது ஸ்பீக்கர் ஜோடியையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டார்கள். தப்பு அதுதான்.

ஊர் கோயம்புத்தூர். அண்ணன் நாச்சிமுத்து. தம்பி அங்கப்பன். அப்பா போன பிறகு சொந்தக்காரப் பெரியவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பித்தளை அண்டா இரண்டு, ஆளுக்கொன்று. பீரோ இரண்டு, ஆளுக்கொன்று. இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு நின்றன.

"அதும் ஆளுக்கொன்னு" என்றான் நாச்சிமுத்து.

நியாயமாகத்தான் பட்டது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். அங்கப்பன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அன்றைக்கு மூடியதுதான். அதன்பின் அண்ணனோடு பேச்சு இல்லை.

அந்த ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் அப்பா ரெக்கார்டு போடுவார். பிரம்பு நாற்காலியில் அவர். இரண்டு பக்கமும் தரையில் மகன்கள். ஊசி தட்டில் இறங்கும். கொஞ்சம் கரகரக்கும். பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், வந்து நிற்பார். வயலின் அவருக்கு ஒரு பக்கம். மிருதங்கம் மறு பக்கம்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா சொல்வார். "போய்த் தொட்டுப் பாருங்க. ஆள் இருக்காரு."

சிலர் எழுந்துபோய்க் கையை வீசிப் பார்ப்பார்கள். மில் மேஸ்திரி ஒருவர் வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

அவ்வளவுதான். இப்போது கதைக்கு வருகிறேன்.

நாச்சிமுத்து சும்மா இருக்கிற ஆள் இல்லை. தன் பங்குக்கு வந்த ஒற்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்தான். சேரவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று. அதுவும் சேரவில்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றினான். வயரை மாற்றினான். கடைசியில் ஹோம் தியேட்டரே வாங்கிவிட்டான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டி.வி.க்குக் கீழே ஒன்று, மூலையில் குண்டுப் பெட்டி ஒன்று. போட்டால் ஜன்னல் அதிர்ந்தது. பெண்டாட்டி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

யாரோ சொல்லி ஜெபமணி டீச்சரிடம் போனான்.

ஜெபமணி ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு பெஞ்சு, இரண்டு ஸ்பீக்கர். அங்கே ஆட்கள் கற்றுக்கொள்ள வருவார்கள். பாட அல்ல, கேட்க. நாச்சிமுத்துவும் ஓர் ஓரமாக உட்கார்ந்து வந்தான். ஒருநாள் எல்லோரும் போன பிறகு கேட்டான்.

"டீச்சர், எங்கப்பா ஸ்பீக்கருக்கு எந்த ஸ்பீக்கருங்க ஜோடி சேரும்?"

"அதோட கூடப் பிறந்தது எங்கே?"

"இருக்குதுங்க. ஒருத்தன்கிட்ட."

"ஒருத்தனுக்குப் பேர் இல்லையா?"

நாச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தான். "அங்கப்பன். தம்பி."

"அது சேரும்."

"அது ஆவாதுங்க. வேற சொல்லுங்க."

டீச்சர் எழுந்தார். ஒரு ரெக்கார்டு போட்டார்.

"பாடறவர் எங்கே நிக்கறார்?"

"நடுவுலீங்க."

"நடுவுல ஸ்பீக்கர் இருக்கா?"

"இல்லீங்க."

டீச்சர் ஒரு பெட்டியின் வயரை உருவினார். "இப்போ?"

"அந்தப் பொட்டிக்குள்ள போயிட்டாருங்க." நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எங்க வீட்டுல நடுவுக்குன்னே தனியா ஒரு ஸ்பீக்கர் வாங்கி வெச்சிருக்கேன் டீச்சர்."

"அதுல நிக்கறாரா?"

"இல்லீங்க. டி.வி.க்கு அடியில படுத்திருக்காரு."

டீச்சர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப என்ன அவசரம்?"

"டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. வலது காது போயிட்டே இருக்குதாம். மருந்து இல்லையாம். ஒத்தைக் காதுக்கு நடுவு ஏதுங்க? அது போறதுக்குள்ள ஒருக்கா அவரை அங்க நிக்க வெச்சுப் பாத்தரோணும்."

டீச்சர் உருவின வயரைத் திரும்ப மாட்டினார்.

"தம்பி வீட்டுக்கு பஸ் இருக்கா?"

"கார் இருக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

அடுத்த ஞாயிறு கிணத்துக்கடவில் தம்பி வீட்டு வாசலில் கார் நின்றது. அங்கப்பன் மனைவி தெய்வானை எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மாமா. வழி தெரிஞ்சுதுங்களா?"

"ம்" என்றான் நாச்சிமுத்து.

கூடத்தில் அங்கப்பனின் பங்கு ஸ்பீக்கர் நின்றது. மேலே பூப்போட்ட துணி. துணிமேல் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட். பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர்.

"அதைத் தூக்கிட்டுப் போக வந்தீங்களா?" என்றான் அங்கப்பன். எழுந்திருக்கவில்லை.

"இல்லை. கேக்க வந்தேன்."

"எதை?"

"பாட்டை."

"ஒத்தைப் பொட்டிலயா?"

"என்ற பொட்டியைக் கொண்டாந்திருக்கேன்."

அங்கப்பன் ஜன்னல் வழியே பார்த்தான். கார் முன்சீட்டில் அப்பாவின் இன்னொரு ஸ்பீக்கர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"உங்க பொட்டியை நீங்க மாட்டுங்க. எம் பொட்டியை நான் மாட்டிக்கறேன். என்றதைத் தொட வேண்டாம்."

அப்படியே செய்தார்கள். தெய்வானை மணி பிளான்ட்டை எடுத்துப் போனாள். ரெக்கார்டு சுழன்றது.

ஆள் வரவில்லை. குரல் அறை முழுக்கப் புகை மாதிரி திரிந்தது. மிருதங்கத்தில் இடந்தலைத் தொப்பியின் கும்மென்ற சத்தமே காணோம். தகர டப்பா தட்டுகிற மாதிரி இருந்தது.

"உன்றதுல கோளாறு" என்றான் அண்ணன்.

"என்றது நேத்துக்கூடப் பாடுச்சு. உங்களதுலதான்."

அண்ணன் பெட்டியை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. தம்பி பெட்டியை மட்டும் போட்டார்கள். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் போட்டார்கள். மறுபடியும் புகை.

தெய்வானை காபி கொண்டுவந்து வைத்தாள். "தனித்தனியா ரெண்டு பேரும் தங்கமாத்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாச்சிமுத்து தம்பி பெட்டியின் பின்னால் கை வைக்கப் போனான்.

"தொடாதீங்கன்னேன்."

"சரி பண்ணத்தானடா?"

"நீங்க சரி பண்ணினது போதும். பாகத்தையும் நீங்கதானே பிரிச்சீங்க."

"சமமாத்தானே பிரிச்சேன்?"

"சமமாத்தான் பிரிச்சீங்க. ஜோடியைப் பிரிக்கலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாச்சிமுத்து காபியைக் குடிக்காமல் எழுந்து போனான். ஸ்பீக்கரைத் திரும்பத் தூக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. அது அங்கேயே நின்றது.

நேராக டீச்சரிடம் வந்தான். நடந்ததைச் சொன்னான்.

"எந்தப் பொட்டி டீச்சர் கெட்டது?"

"ரெண்டும் கெடலை. ஒண்ணுல வயர் தலைகீழா மாட்டியிருக்கு. ஒண்ணு முன்னால தள்ளறப்போ இன்னொண்ணு பின்னால இழுக்குது. தனியாக் கேட்டா ரெண்டும் சரி. சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிரும்."

"பின்னால சிவப்பு, கறுப்புன்னு பூசியிருந்தது எல்லாம் அழிஞ்சு போச்சுங்களே. எதுல தலைகீழுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

"தப்பா மாட்டினவன்தானுங்களே மாத்தோணும்?"

"எதை மாத்தினாலும் சரியாயிடும்."

"அவன் மாத்தினாலும்?"

"சரியாயிடும்."

"நான் மாத்தினாலும்?"

டீச்சர் ரெக்கார்டுகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

நாச்சிமுத்து தம்பிக்குப் போன் செய்யவில்லை. தெய்வானைக்குச் செய்தான்.

"அம்மிணி, ஒரு பொட்டில வயர் மாறியிருக்குதாம். ஒண்ணைத் திருப்பி மாட்டினாப் போதுமாம்."

"யாருதுங்க மாமா மாறியிருக்குது?"

"அது தெரியாதாம்."

"அப்ப யாருங்க மாத்தறது?"

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டான்.

சில வாரம் அப்படியே போனது. அண்ணன், தம்பி மாற்றட்டும் என்று இருந்தான். தம்பி, அண்ணன் மாற்றட்டும் என்று இருந்தான். ஒருநாள் காலை நாச்சிமுத்துவுக்குப் போன் வந்தது. வலது காதில் வைத்தான். எதிர்முனையில் யாரும் பேசவில்லை என்று திட்டினான். பெண்டாட்டி போனை வாங்கி அவனுடைய இடது காதில் வைத்தாள். அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஞாயிறே கிளம்பிவிட்டான்.

போனபோது அங்கப்பன் வீட்டில் இல்லை. அண்ணன் வருவதாகப் போனில் கேட்டதும் மெதுவடை வாங்கப் போயிருந்தான். நாச்சிமுத்து தன் பெட்டியின் பின்னால் குனிந்தான். இரண்டு வயரையும் கழற்றினான். இடம் மாற்றி மாட்டினான். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். தம்பி வந்தால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தான். அவன் தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அங்கப்பன் வந்தான். "வாங்க" என்றான். பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். ரெக்கார்டு போட்டான்.

புகை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் மாத்திட்டனேடா!" என்றான் நாச்சிமுத்து.

அங்கப்பன் தலையைச் சொறிந்தான். "எப்பங்ணா?"

அண்ணா என்ற வார்த்தை எத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"இப்பத்தான். நீ கடைக்குப் போனப்போ."

"நான் காலையிலயே மாத்திட்டனுங்களே!"

தெய்வானை சமையலறையிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, இரு. என்றதைப் பழையபடி மாத்திப்போடறேன்" என்று நாச்சிமுத்து குனிந்தான்.

"நீங்க எதுக்குங்ணா முதுகு வலியோட? நான் என்றதை மாத்தறேன்" என்று அங்கப்பன் அந்தப் பக்கம் குனிந்தான்.

இரண்டு பேரும் மாட்டினார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். புகை.

"ஏனுங்க," தெய்வானை கரண்டியோடு வந்து நின்றாள். "யாராச்சும் ஒருத்தர் சும்மா இருங்களே!"

நாச்சிமுத்துவின் கை அதற்குள் பெட்டியின் பின்னால் போயிருந்தது. பழக்கம். அறுபது வயதுப் பழக்கம். விரல் வயரைப் பிடித்துவிட்டது. தம்பியின் குனிந்த முதுகைப் பார்த்தான். பாகம் பிரித்த அன்று வாயைத் திறந்து மூடிய முகம் அவனுக்கு நினைவு வந்தது.

விரலை எடுத்தான்.

பக்கத்தில் கிடந்த நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டான். உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டது.

"அங்கப்பா. நீ பாரு" என்றான்.

அங்கப்பன் திரும்பிப் பார்த்தான். அண்ணன் உட்கார்ந்திருப்பதை நம்பாதவன் மாதிரி பார்த்தான். பிறகு தன் பெட்டியின் வயரை மெதுவாகக் கழற்றி, மெதுவாக மாற்றி மாட்டினான்.

ஊசி இறங்கியது. கரகரத்தது.

ஆள் வந்து நின்றார்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே, காலண்டர்கூட இல்லாத சுவருக்கு முன்னால். மூச்சு வாங்குவது கேட்டது. வயலின் அந்தப் பக்கம், மிருதங்கம் இந்தப் பக்கம். வலது பக்கம் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் நின்றார். அங்கப்பன் எழுந்திருக்கவில்லை. பெட்டி பக்கத்தில், தரையிலேயே, சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டான். தெய்வானை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெறும் இடத்தைப் பார்த்தாள்.

ரெக்கார்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றியது. நிறுத்த யாரும் எழவில்லை. வடை ஆறிப் போயிற்று.

அடுத்த வகுப்புக்கு நாச்சிமுத்து சீக்கிரமே வந்துவிட்டான்.

"ஆள் வந்துட்டாருங்க டீச்சர்."

"உங்க ஸ்பீக்கர்?"

"அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கெளமை நான் போயிக்கறேன்."

"யார் சரி பண்ணினது?"

"அங்கப்பன்தானுங்க. அவன்தான் வயரை மாத்தினான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நானுங்களா? நான் ஒண்ணுமே பண்ணலீங்க. கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

டீச்சர் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப சரி பண்ணினது நாச்சிமுத்து."